அஞ்சாமை மொழிகளின் முதலும் வழியும்

உயிர்களுக்கெல்லாம் பொதுவாக அமைந்த இயல்புகளுள் அச்சமும் ஒன்று. உணவின்மேற் செல்லும் விருப்பும் உறக்கமும் போல அச்சமும் உடம்பெடுத்த உயிரை விட்டு நீங்குவதன்று. அதனை வென்று நின்றவர் எக்காலத்தும் சிலரே. அச்சிலர் தாம் நின்ற நிலையிலிருந்து கூறிய மொழிகளையே உலகம் பொன்போற் பொதிந்து வைத்துக்கொள்கிறது. அவை நாவிலிருந்து நாவிற்கும், நூலிலிருந்து நூலிற்கும், நாட்டிலிருந்து நாட்டிற்கும் செல்கின்றன. பிற்காலத்தார் ஒருவர் அவற்றை எடுத்து மொழியும்போது, கேட்டார் அவரையே அம்மொழிக்கு முதல்வர் எனக் கொண்டு போற்றுகின்றனர். ஆராய்ந்து பார்ப்பின், அவருக்கு முன்னர் ஒருவரும், அவர்க்கும் முன்னர் மற்றொருவரும் அதனையே கூறியிருத்தல் புலனாகும்.

இங்ஙனம் முன்னோர் மொழியைப் பின்னோர் எடுத்தாளுதல் குற்றமாமோ எனின், ஆகாது என்பதே தமிழ் மரபு. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நூலினை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்தி, முன்னோர் கூறிய பொருளையேயன்றி அவர்தம் சொல்லையும் போற்றிக் கொள்ளுதல் கடன் என்னும் கருத்தைத் தம் பாயிரத்துள் அமைத்தனர். மணிமேகலை ஆசிரியர் திருக்குறட் பா ஒன்றினைத் தம் காப்பியத்துள் வைத்து, அதனைக் கூறியவர் பொய்யில்லாத புலவர் எனச் சுட்டியதும் இம்மரபு பற்றியே. சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய திருத்தொண்டத்தொகையை முதலாகவும், நம்பியாண்டார் நம்பிகள் அருளிய அந்தாதியை வழியாகவும் கொண்டு, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்தை விரித்தருளினார். அதனாற் சேக்கிழார் பெருமை குறைந்ததில்லை. தொகையின் பெருமையும் மிகுந்தது. எனவே ஈண்டு ஆராயத் தக்கது எடுத்தாண்டார் என்பதன்று. எடுத்தாண்டார் எதனைக் கொண்டார், எதனை விட்டார் என்பதே. அஞ்சாமை பற்றிய மொழிகளில் இவ்வாராய்ச்சி பெரிதும் வேண்டப்படுவது. ஏனெனில் அம்மொழிகளின் உயிர், பலரும் நினைவிற் கொள்ளும் முற்பகுதியில் இல்லாமல், பலரும் மறந்துவிடும் பிற்பகுதியிற் கிடக்கின்றது.

மேலைநாட்டார் வழக்கு

முதற்கண் மேலைநாட்டு வழக்கில் இரண்டொன்று காண்போம். 1933ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 4ஆம் நாள் பிராங்க்ளின் ரூசுவெல்ட் அமெரிக்க நாட்டின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அக்காலத்து அந்நாட்டில் வங்கிகள் ஆயிரக்கணக்கில் வீழ்ந்திருந்தன. உழைப்பாளரில் ஏறத்தாழ நால்வருள் ஒருவர் வேலையின்றி வருந்தினர். அந்நிலையில் மக்களை நோக்கி அவர், நாம் அஞ்சத்தக்கது அச்சம் என்பது ஒன்றே எனும் கருத்தமைய உரைத்தார். அவ்வுரை உலகெங்கும் பரவிற்று. ஆயின், அமெரிக்க அறிஞர் தோரோ 1851ஆம் ஆண்டிலேயே தம் நாட்குறிப்பில் இக்கருத்தை எழுதியிருந்தனர். ஆங்கில நாட்டுப் பேக்கன் 1623இல் இலத்தீன் மொழியில் வெளியிட்ட நூலில் இதனைக் குறித்தனர். பிரெஞ்சு நாட்டு மாந்தேன் 1580இல் வெளிவந்த தம் கட்டுரைகளுள், தாம் பெரிதும் அஞ்சுவது அச்சத்தையே எனக் கூறினர். இவர் அனைவர்க்கும் முன்னராக, கி. பி. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த செனெக்கா என்னும் மெய்ப்பொருளறிஞர் தம் நண்பர் லூசிலியருக்கு எழுதிய 24ஆம் திருமுகத்தில், பொருள்களின்மேற் போர்த்த ஆரவாரத்தை நீக்கிப் பார்ப்பின் அவற்றுள் அச்சத்தைத் தவிர அஞ்சத்தக்கது வேறில்லை என்று விளக்கினர். அவர் இதனை ஏட்டில் எழுதி வைத்ததோடு அமைந்தவரல்லர். கி. பி. 65இல் நீரோ மன்னன் அவரை உயிர்விடுமாறு பணித்தபோது, கலங்காது அதனை ஏற்றுத் தம் சொல்லுக்குத் தம் சாவினையே சான்றாக்கினர்.

மற்றொன்று சேக்சுபியர் பெருமகனாரின் சூலியர் சீசர் என்னும் நாடகத்தின்கண் உள்ளது. 1599ஆம் ஆண்டளவில் எழுந்த அந்நாடகத்தில், கோழையர் தாம் சாவதற்கு முன்னரே பன்முறை சாகின்றனர், வீரரோ ஒருமுறையே சாவினைச் சுவைக்கின்றனர் என்னும் பொருள்படச் சீசர் தம் மனைவியிடம் கூறுகின்றார். இதன் வித்து, கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க்கு எழுதிய சீசர் வரலாற்றில் உள்ளது. மெய்காவலரை உடன்கொள்க என நண்பர் வேண்டியபோது, எந்நேரமும் சாவினை எதிர்நோக்கி இருத்தலினும் ஒருமுறை சாதல் நன்று எனச் சீசர் விடையிறுத்ததாகப் புளூட்டார்க்கு உரைக்கின்றார். அக்கிரேக்க நூலை 1559இல் அமியோ என்பார் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்தனர். அதனினின்றும் 1579இல் தாமசு நார்த்து ஆங்கிலத்திற் பெயர்த்தனர். அவ்வாங்கில நூலைக் கண்டு சேக்சுபியர் நாடகம் செய்தனர். ஒரு வித்து இங்ஙனம் மூன்று மொழி கடந்து மரமாயிற்று. புளூட்டார்க்கு கூறியது ஒரு மனிதனின் விடை; சேக்சுபியர் அதனை எல்லா மனிதர்க்கும் பொருந்தும் உண்மையாக விரித்தனர். வழிநூலாசிரியர்க்கு உரிய சிறப்பு இதுவேயாம்.

கூற்றுவன் வாய்மொழி

நம் பாரத நாட்டில் இத்தகைய மொழிகளின் பழமை இன்னும் பெரிது. சுவாமி விவேகானந்தர் இளைஞரை நோக்கி, எழுக, விழிக்க, குறிக்கோளை எய்துங்காறும் நில்லற்க எனும் கருத்தமைய முழங்கினர். இன்றும் பள்ளிச் சுவர்களிலும் இளைஞர் மன்றங்களிலும் அம்முழக்கம் எழுதப்பட்டுள்ளது. இதன் முதல் கடோபநிடதம். அங்கே முற்பகுதி விவேகானந்தர் கூறியவாறே உள்ளது, பிற்பகுதியோ வேறு. மேலான ஆசிரியரை அடைந்து உணர்க என்பதே உபநிடதத்தின் கருத்து. அதனையடுத்து, இந்நெறி கத்தியின் கூர்முனைபோல் நடத்தற்கு அரியது என்னும் எச்சரிக்கையும் வருகின்றது. கடத்தற்கு அரிய நெறியாதலின் ஆசிரியரை நாடுக என்றது உபநிடதம். அடிமைப்பட்டுச் சோர்ந்து கிடந்த நாட்டினரை எழுப்ப வேண்டியிருந்தமையின், நில்லாது செல்க என்றார் விவேகானந்தர். இடமும் காலமும் நோக்கி அவர் மாற்றியது தக்கதே. ஆயினும் மாற்றம் நிகழ்ந்தமையை அறிந்தே அதனைப் போற்ற வேண்டும்.

இம்மொழியைப் பற்றிப் பலர் கருதாத ஓர் அரிய செய்தியும் உண்டு. கடோபநிடதத்தில் இதனைக் கூறுவோன் கூற்றுவன். கேட்போன் நசிகேதன் என்னும் சிறுவன். தந்தையின் சொல்லால் கூற்றுவனது மனைக்குச் சென்று, அவன் இல்லாத மூன்று இரவும் உண்ணாது காத்திருந்து, நீண்ட வாழ்நாளும் பெருஞ்செல்வமும் தருவேன் என அவன் ஆசைகாட்டியபோதும் மயங்காது, சாவின் பின்னுள்ள நிலையையே வினவியவன் அச்சிறுவன். எல்லாரும் எவனைக் கண்டு அஞ்சுவரோ அவனே ஆசிரியனாக இருந்து எழுக எனப் பணித்தான். அஞ்சாமையை உபதேசிக்க அவனினும் தக்கார் யாவர்?

மறுமாற்றம்

இனித் தமிழகத்திற்கு வருவோம். அஞ்சாமை கூறிய மொழிகளுள் தமிழர் நாவில் இன்றளவும் தலைமை பெற்று நிற்பது திருநாவுக்கரசு சுவாமிகள் அருளிய மறுமாற்றத் திருத்தாண்டகமாகும். ஆறாம் திருமுறையில் உள்ள அத்திருப்பதிகம் எழுந்த வரலாற்றைச் சேக்கிழார் விரித்துரைக்கின்றார். சமணம் சார்ந்திருந்த பல்லவ மன்னன், நாவுக்கரசர் சைவம் புக்கதைக் கேட்டு வெகுண்டு, அவரைக் கொணருமாறு அமைச்சரைப் படையொடு விடுத்தான். அரசன் ஆணை எனக் கூறி அவர்கள் எதிர்நின்றபோது, அவ்வாணைக்கு மறுமொழியாக எழுந்தது அத்திருத்தாண்டகம். மறுமாற்றம் என்னும் பெயரே மறுமொழி என்னும் பொருளது. அப்பல்லவன் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் என வரலாற்று ஆராய்ச்சியாளர் கொள்வர். அவன் பின்னர்ச் சைவம் புக்கு, பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை இடித்த பொருளைக் கொண்டு திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தான் என்பது பெரியபுராணம். குணபரன் என்பது மகேந்திரவர்மனது சிறப்புப்பெயர். திருச்சிராப்பள்ளி மலைக்குகையில் அவன் பொறித்த வடமொழிக் கல்வெட்டு, குணபரன் என்னும் அரசன் மாறுபட்ட ஒழுக்கத்தினின்றும் இலிங்கத்தின்பால் திரும்பியதைக் குறிப்பிடுதலின், புராணமும் கல்வெட்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்றல் காணலாம்.

அத்திருத்தாண்டகத்தின் முதற்பாட்டு எவருக்கும் தாம் குடியல்லர் என்றும், எமனுக்கும் அஞ்சுவதில்லை என்றும், நரகத்துன்பமும் பிணியும் தமக்கில்லை என்றும், எந்நாளும் இன்பமே உள்ளது என்றும் அடுக்கிச் செல்கின்றது. பேசுவோர் பலரும் இவ்வளவில் நிறுத்தி விடுகின்றனர். இவ்வளவில் நிறுத்தின், இது செருக்குடையான் ஒருவனின் வீறாப்பாகவும் கொள்ளப்படும். ஆனால் அடிகளார் அவ்வளவில் நிறுத்தவில்லை. இவையெல்லாம் எதனால் வாய்த்தன என்பதற்குக் காரணம் கூறியே அப்பாட்டை முடிக்கின்றார். தானும் எவருக்கும் குடியாகாத சங்கரனுக்கு மீட்சியில்லாத ஆளாகி அவன் திருவடியை அடைந்தமையே அக்காரணம். குடியல்லாமை என்னும் ஒரே தன்மையைத் தமக்கும் கூறினார், தம் தலைவனுக்கும் கூறினார். தலைவன் எவனுக்கும் கீழ்ப்படாதவன். ஆதலின் அவனுக்கு மட்டுமே ஆளானவனும் எவனுக்கும் கீழ்ப்படான் என்பது போதரும். தனியே நின்ற மனிதனுக்கு உரியதன்று அவ்விடுதலை, அடிமையினின்றும் பிறந்தது. சைவ சித்தாந்தம் கூறும் முப்பொருளுள் உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்புடையது. பாசத்தைச் சார்ந்தபோது அஞ்சும் உயிர், பதியைச் சார்ந்தபோது அஞ்சாது. இவ்வுண்மையையே ஒரு பாட்டின் முதலும் முடிவுமாக அமைத்தருளினார்.

இதன்பின் நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத் தக்கது. மறுமொழி கேட்ட அமைச்சர் சினங்கொள்ளவில்லை. அடிகளாரைப் பணிந்து, தம்முடன் எழுந்தருள வேண்டும் என இரந்தனர். எவருக்கும் குடியல்லேம் என்று பாடிய அடிகளார், வருவனவற்றிற்கு எம்பெருமான் உளன் எனக் கூறி அவர்களுடன் செல்ல இசைந்தார். ஆணைக்குப் பணியாதவர் வேண்டுகோளுக்கு இசைந்தார். அஞ்சாமைக்கும் செருக்கிற்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது. பின்னர் நீற்றறையில் ஏழு நாள் அடைக்கப்பட்டார், நஞ்சு ஊட்டப்பட்டார், யானையின் முன் நிறுத்தப்பட்டார், கல்லொடு பிணித்துக் கடலில் இடப்பட்டார். யாண்டும் அவர் சொல் மாறவில்லை, செயலும் மாறவில்லை.

பாரதியார் கொண்டவை

திருநாவுக்கரசர்க்கு ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்குப் பின்னர்த் தோன்றிய சுப்பிரமணிய பாரதியார் (1882–1921), அஞ்சாமையைத் தமிழர்க்கு மீண்டும் ஊட்டிய பெருங்கவிஞர். ஔவையார் ஆத்திசூடி அறஞ்செய்ய விரும்புமாறு கூறித் தொடங்கியது. பாரதியார் அப்பெயரையும் அமைப்பையும் கொண்டு புதிய ஆத்திசூடி இயற்றி, அச்சத்தை விடுமாறு பணிக்கும் ஓரடியை அதன் தொடக்கத்தில் வைத்தனர். அறத்தின் இடத்தில் அஞ்சாமையை ஏன் வைத்தார் எனின், அச்சமுடைய அடிமை மக்களால் அறஞ்செய்ய விரும்புதலும் இயலாது எனக் கருதினார் போலும். அந்நூலின் காப்புச் செய்யுளும் ஆத்திமாலை சூடிப் பிறையணிந்த பெருமானை நினைந்தே எழுகின்றது. முன்னோர் வைத்த விளக்கிலேயே பாரதியார் தம் திரியைக் கொளுத்தினர்.

விடுதலை கிடைத்தே விட்டது எனக் கொண்டு ஆடிப்பாடுவதாக அவர் இயற்றிய சுதந்திரப் பள்ளு இத்தொடர்பை இன்னும் விளக்கமாகக் காட்டும். பள்ளு என்பது உழவர் வாழ்வு பற்றிய பழைய சிற்றிலக்கிய வகை. முக்கூடற்பள்ளு அதற்கு எடுத்துக்காட்டு. வடிவத்தை அங்கிருந்து கொண்டார். பொருளையோ, எவருக்கும் இனி அடிமை செய்வதில்லை, முழுநிறைவாகிய இறைவனுக்கு மட்டுமே அடிமை செய்து வாழ்வோம் என முடித்தனர். இம்முடிவு திருத்தாண்டகத்தின் முடிவேயாதல் வெளிப்படை. இறைவனுக்கு அடிமை என்னும் பகுதியை விட்டுவிட்டு, எவருக்கும் அடிமையில்லை என்பதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். அரசியல் மேடைக்கு அதுவே போதியதாக இருந்திருக்கும். அவர் அங்ஙனம் செய்யவில்லை. பிற்பாதியையும் உடன் கொண்டார். 1947ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்ற வேளையில் டி. கே. பட்டம்மாள் வானொலியில் அப்பாடலைப் பாடியபோது, பல்லவன் படைமுன் எழுந்த மறுமொழியின் எதிரொலியே நாடெங்கும் கேட்டது என்பது மிகையன்று.

அச்சமில்லை என்பதையே பல்லவியாக அமைத்துப் பாரதியார் இயற்றிய மற்றொரு பாடல் சிறுவர் முதல் முதியோர் வரை அறிந்தது. அதற்கு அவர் இட்ட பெயர் பண்டாரப் பாட்டு என்பதைப் பலரும் அறியார். பண்டாரம் என்போர் திருநீறும் உருத்திராக்கமும் பூண்டு ஊர்தோறும் சிவநாமம் பாடித் திரிந்த அடியவர். அப்பாடலுள் இறைவன் பெயர் முன்னிற்கவில்லை. ஆயினும் பாடுவோன் பண்டாரம் என்று தலைப்பிலேயே கூறியமையின், அவன் யாரைச் சார்ந்து அஞ்சாது நிற்கின்றான் என்பது தானே விளங்கும். தலைப்பை நீக்கிப் பாடுவோர் பாட்டின் வேரை நீக்கிப் பாடுகின்றனர் என்க. யானை எதிர்ப்பட்டபோது நாவுக்கரசர் அருளிய திருவதிகைத் திருப்பதிகத்திலும், அஞ்சத்தக்கது யாதும் இல்லை, அஞ்சும்படி வரக்கூடியதும் இல்லை என்னும் கருத்தே பாட்டுத்தோறும் ஈற்றில் மீண்டும் மீண்டும் வருகின்றது. ஆங்கு அம்முடிவிற்கு முன்னர் இறைவனுடைய சாந்தும் நீறும் பிறையும் ஊர்தியும் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டு, இத்தகையான் ஒருவனுக்கு உரியேம் யாம் எனக் காரணம் கூறப்படும்.

ஒப்புமையும் எடுத்தாட்சியும்

ஈண்டு ஓர் ஐயம் எழும். இரு பாடல்கள் ஒத்திருப்பதனாலேயே ஒன்று மற்றொன்றினின்றும் பிறந்தது எனல் பொருந்துமோ? பொருந்தாது. இதற்கு ஒரு சான்று காட்டுதும். பண்டாரப் பாட்டில் வானமே இடிந்து தலைமேல் வீழினும் அச்சமில்லை என்னும் கருத்து வருகின்றது. நான்காம் திருமுறைத் தனித் திருவிருத்தத்தில், வானம் நடுங்கினும், நிலம் அதிரினும், மலை நிலைபெயரினும், கதிரும் மதியும் வீழினும், நஞ்சுண்ட ஒருவனுக்கு ஆட்பட்ட உத்தமர்க்கு அவற்றால் என்ன என நாவுக்கரசர் வினவுகின்றார். உரோம நாட்டுக் கவிஞர் ஒராசு தம் பாடல்களின் மூன்றாம் தொகுதியில், உலகமே உடைந்து தன்மேல் வீழ்ந்தாலும் நேர்மையாளன் அஞ்சான் என்கின்றார். எபிரேயரின் சங்கீதங்களுள் 46ஆவது, நிலம் பெயர்ந்து மலைகள் கடலுள் வீழினும் இறைவன் அடைக்கலமாதலின் அஞ்சோம் என்னும் பொருளது. நான்கும் ஒரே ஓவியமாகத் தோன்றும். ஆயின் எபிரேயப் பாடலைத் திருநாவுக்கரசர் கற்றார் என்றோ, ஒராசின் பாடல் கெடிலக்கரைக்கு வந்தது என்றோ கூறுதற்கு வழியில்லை. தலைக்குமேல் வானமும் காலின்கீழ் நிலமும் எல்லார்க்கும் பொது. அவை நிலைகுலைதலைக் காட்டிலும் பெரிய அச்சத்தை மனிதன் நினைக்க இயலாது. ஆகவே அவ்வுவமை நாடுதோறும் தானே முளைக்கும். இஃது ஒப்புமை.

பாரதியார் திறமோ வேறு. தேவார திருவாசகங்களும் சித்தர் பாடல்களும் வழங்கிய சூழலில் வளர்ந்து, பழந்தமிழ்ப் பாக்களின் மெட்டும் யாப்பும் பெயரும் கொண்டு பாடியவர் அவர். சொல்லும் பொருளும் அமைப்பும் ஒருங்கே ஒத்து, கற்றற்குரிய வழியும் திறந்திருந்தால் அதனை எடுத்தாட்சி எனலாம். உவமை மட்டும் ஒத்து வழி இல்லையாயின் ஒப்புமை என்றே அமைதல் வேண்டும். இவ்வளவை இல்லாது, ஒத்தவற்றையெல்லாம் கடன் என்று கூறுவோர் கவிஞரை இழிவுபடுத்துவர். கொண்டவற்றையும் புதியன என்று கூறுவோர் முன்னோரை மறப்பர். இரண்டும் பிழையே.

எடுத்தாட்சிக்கு மற்றுமொரு தெளிந்த சான்று காலனை எதிர்த்துக் கூறும் பாடல்கள். 15ஆம் நூற்றாண்டினராகிய அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில் கூற்றுவனை அழைத்து, தன் கைக்கு எட்டுமாறு வந்து பார் என அறைகூவுகின்றார். அவர் கையில் உள்ள வாள் இரும்பாலாயதன்று. செந்தில் வேலனுக்குத் தொண்டுபட்டதனால் வாய்த்த, பகைமையற்ற ஞானமாகிய வாள். எதிரியை வெட்டும் வாளுக்குப் பகைமையின்மை என்று அடைகொடுத்த நுட்பம் நினைதொறும் இன்பம் தருவது. பாரதியாரும் காலனுக்கு உரைத்தல் என்னும் பாடலில் அவனைப் புல்லென மதித்து அருகே வருமாறு அழைக்கின்றார். அங்கும் வேலாயுதத்தை நெஞ்சிற் கொண்டதையும், முதலைவாய்ப்பட்ட யானை காக்கப்பட்டதையும், நஞ்சுண்ட பெருமானைச் சரணடைந்த மார்க்கண்டரிடம் காலன் பட்ட பாட்டையும் எடுத்துக் கூறியே அவனை அகலுமாறு பணிக்கின்றார். திருக்கடவூரில் நிகழ்ந்ததாகப் புராணம் கூறும் அவ்வருட்செயலே இவ்வகைப் பாடல்களுக்கெல்லாம் முதலாதல் காண்க.

அஞ்ச வேண்டுவது

அஞ்சாமை மொழிகளின் வரலாற்றில் மறைக்கப்படாத, ஆயினும் மறக்கப்படும் மற்றொரு கூறு உண்டு. எதற்கும் அஞ்சாமை வீரமன்று என்பதே அது. புறநானூற்றின் 182ஆம் பாட்டில், கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்னும் பாண்டியர், இவ்வுலகம் நிலைபெறுவது எத்தகையோரால் எனக் கூறுமிடத்து, பிறர் அஞ்சுவதற்குத் தாமும் அஞ்சும் இயல்பை அவர்க்குரிய பண்புகளுள் ஒன்றாக வைத்தனர். திருவள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்துள், அஞ்சவேண்டுவதற்கு அஞ்சாமை பேதையர் செயல், அஞ்சுதல் அறிவுடையார் தொழில் எனப் பகுத்தனர். பழிக்கும் பாவத்திற்கும் அஞ்சுபவனே பகைவனுக்கு அஞ்சாது நிற்பான் என்பது இருவர் கருத்தும்.

இக்கருத்தையே மாணிக்கவாசகப் பெருமான் அச்சப்பத்து என்னும் பதிகத்திற் கனிவித்தனர். பெயரே வியப்புக்குரியது. பாம்பிற்கு அஞ்சேன், நேரே வரும் அம்பிற்கு அஞ்சேன், கூற்றுவன் சினத்திற்கும் அஞ்சேன் என அஞ்சாமையை அடுக்கிச் சென்று, ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் ஓர் அச்சத்தை வைக்கின்றார். இறைவனை நினைந்து உள்ளம் உருகாதவரைக் கண்டால் தாம் அஞ்சுவதாகக் கூறுகின்றார். பத்துப் பாட்டிலும் அஞ்சாதன பலவாகவும் அஞ்சுவது ஒன்றாகவும் அமைந்திருத்தல் நோக்கத் தக்கது. அவ்வொன்று உண்டாதலினாலேயே மற்றவை இல்லையாயின. அன்பில்லாத நெஞ்சின் வறட்சியைக் கண்டு நடுங்கிய அந்நெஞ்சிற்குக் கூற்றுவன் எம்மாத்திரம்? மறத்திற்கும் அன்பே துணை என வள்ளுவர் கூறியதும் இதனோடு வைத்து எண்ணத் தக்கது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை விளங்கும். உபநிடதத்தில் ஆசிரியரை அடைதல், திருத்தாண்டகத்தில் சங்கரனுக்கு ஆளாதல், அலங்காரத்தில் வேலனுக்குத் தொண்டாதல், அச்சப்பத்தில் அன்பின்மைக்கு அஞ்சுதல், பள்ளில் நிறைபொருளுக்கு அடிமையாதல் என ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பற்றுக்கோடு உண்டு. மேடையிற் பேசுவோரும் சுவரில் எழுதுவோரும் பெரும்பாலும் பற்றுக்கோட்டை அறுத்து, எஞ்சியதை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர். பற்றுக்கோடு அற்ற கொடி சிலநாள் பசுமை காட்டும்; பின்னர் வாடும். இன்னது நம் காலத்து நேரும் இழப்பு. எவருக்கும் குடியல்லேம் என்று முழங்கக் கற்ற இளைஞன், யாருக்கு ஆளாக வேண்டும் என்பதைக் கல்லாது போவானாயின், பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அறத்திற்கும் கூடக் கட்டுப்படாத தன்மையையே வீரம் என மயங்குவான். அடிகளார் வாய்மொழி அவ்வாறு பயன்படுதல் அதற்குச் செய்யும் அவமதிப்பாகும். ஆதலின் கற்பிப்போர் முழுப்பாட்டையும் கற்பித்தல் வேண்டும். மேற்கோள் காட்டுவோர் முடிவையும் உடன் காட்டுதல் வேண்டும். எடுத்தாள்வோர் முதல்வர் பெயரைச் சொல்லுதல் வேண்டும். மணிமேகலை ஆசிரியர் தம் காலத்திலேயே செய்து காட்டிய நெறி இது.

முடிவாக ஒன்று. வினையின் நீங்கிய அறிவினையுடைய இறைவன் கண்டதே முதல்நூல் எனத் தொல்காப்பியம் மரபியல் கூறும். அஞ்சாமை மொழிகளுக்கும் அத்தகைய முதல் ஒன்று உண்டு. தில்லைக் கூத்தப்பெருமானின் திருக்கோலத்தில், உடுக்கை ஏந்திய கை படைத்தலையும், அமைத்த கை காத்தலையும் குறிக்கும் எனச் சித்தாந்த நூல்கள் உரைக்கும். அஞ்சற்க என்று அமைத்த அக்கை ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாவுக்கரசர் பாடியதும், வாதவூரர் உருகியதும், அருணகிரியார் அறைகூவியதும், பாரதியார் முழங்கியதும் அக்கை சொல்லாது சொன்னதன் உரைகளே. திருக்குடமுழுக்கு நிறைவுற்றுத் திருமுன் நிற்கும் அடியவர், ஓதுவார் மூர்த்திகள் தமிழ் வேதம் பாடும்போது முதலடியோடு செவியை மூடிக்கொள்ளாது, ஈற்றடி வரை கேட்டு, பின்னர் அமைத்த திருக்கையை ஒருமுறை நோக்குவாராக. அஞ்சத்தக்கது யாதும் இல்லை என்பது அப்போது அவர்க்குப் பிறர் வாய்மொழியாக இராது, தம் அனுபவமாகும். திருவருள் அதற்குத் துணை நிற்பதாக.